இருபத்தேழு புத்தகமும் ஒரு குத்தூசியும்

ஜனவரி 20, இரவு 9.40

அடுத்து எந்தப் புத்தகத்தைப் படிப்பது என்று யோசித்துக்கொண்டு நிற்பதே வீண் வேலை என்பது என் கட்சி. வாங்கிய வரிசையில் படித்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். முதலில் வந்த மூட்டை முதலில் வெளியேற வேண்டும். நெல்லும் அரிசியும் அடுக்கிய கிடங்குகளில் 31 வருடம் இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டுதான் சம்பளம் வாங்கினேன். புதிதாக வந்ததை முன்னால் அடுக்கி, முன்னால் இருப்பதையே எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தால் பின்னால் கிடப்பது வண்டு விழுந்து மாவாகிவிடும். புத்தகம் கெடாது, உண்மை. அதை வாங்கும்போது இருந்த ஆசை கெட்டுவிடும்.

பொங்கலுக்கு முன் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய் வந்தேன். 1977இல் அது தொடங்கியபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒவ்வொரு ஜனவரியிலும் போக நினைத்து, போனது ஏழெட்டு முறைதான். ஜனவரி என்றால் எங்களுக்குச் சம்பா அறுவடை. கொள்முதல் நிலையங்களில் தலைக்கு மேல் வேலை. ஓய்வு பெற்ற பிறகுதான் நந்தனத்தில் நிதானமாக நடக்க முடிகிறது. நிதானமாக நடந்தால் என்ன ஆகும்? பத்து சதவீதத் தள்ளுபடியில் 13 புத்தகம். வீட்டில் படிக்காமல் கிடந்தவை 14. மொத்தம் 27, கூடத்தில் தையல் மெஷின் மேல் இருக்கின்றன. மெஷினைத் திறக்க முடியவில்லை என்று என் மனைவி நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் எப்படி எடுக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. "கைக்கு வந்ததை எடுப்பேன்" என்பவர்கள் பதில் சொல்ல வேண்டாம். அது விதி ஆகாது.

ஜனவரி 20, இரவு 11.15

விதியைப் போட்டவுடன் நடைமுறைப்படுத்தினேன். குவியலில் மிகப் பழையது எது என்று பார்த்தால் உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 2011இல் வாங்கியது. கும்பகோணத்தில் பிறந்து, அவர் பாடம் சொன்ன கல்லூரி வழியாகவே தினமும் சைக்கிளில் போய் வந்தவன், 61 வயது வரை இதைப் படிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். திட்டுகிறவர்கள் திட்டலாம்.

பழையது என்பதால் அது அடியில் இருந்தது. அட்டியின் அடி மூட்டையை உருவக் கூடாது என்று எத்தனை புதுச் சுமைதூக்கும் தொழிலாளர்களுக்குச் சொல்லியிருப்பேன். உருவினேன். மற்ற 26ம் சரிந்தன. ஒன்று தண்ணீர்ச் செம்பின் மேல் விழுந்தது. மனைவி உள்ளே இருந்து, "என்ன உடைந்தது?" என்று மட்டும் கேட்டாள். எந்தப் புத்தகம் விழுந்தது என்று கேட்கவில்லை, எவ்வளவு சேதம் என்றுதான் அவளுக்குக் கவலை.

ஜனவரி 23

பதில்களுக்குப் பதில்.

மெலிந்த புத்தகத்தை முதலில் எடுங்கள், எண்ணிக்கை சீக்கிரம் குறையும் என்று ஒருவர். ஐயா, இந்த வித்தையைக் கிடங்கில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்றால் சின்னச் சின்ன ஒப்படைப்புகளாக இருபது எழுதிப் பதிவேட்டை நிரப்பிவிடுவார்கள். பக்கம் பார்க்க நிறைவாக இருக்கும். கிடங்கு அப்படியே இருக்கும்.

மனநிலைக்குத் தகுந்தபடி எடுக்க வேண்டும் என்று மூன்று பேர். மனநிலையை நம்பியவர் என் மைத்துனர். மழைக்கு ஒரு புத்தகம், ரயிலுக்கு ஒரு புத்தகம், மனம் சரியில்லாத நாளுக்கு ஒரு புத்தகம் என்று பிரித்து வைத்திருப்பார். இவருடைய மனம் சரியில்லாமல் போனால் புத்தகம் எடுப்பாரா, படுத்துத் தூங்குவாரா? தூங்குவார். பத்து வருடமாக அந்தப் புத்தகத்தின் முதுகு மடியவே இல்லை.

நூலகத்தில் எடுத்ததை மட்டும் தவறாமல் முடித்துவிடுகிறேன், சொந்தப் புத்தகம்தான் நிற்கிறது என்று ஓர் ஆசிரியை எழுதியிருப்பதில் விஷயம் இருக்கிறது. எனக்கும் அப்படியே. கிளை நூலகத்துப் புத்தகத்தின் பின்னால் தேதி முத்திரை குத்தியிருக்கிறது. அந்த முத்திரை படிக்க வைக்கிறது. சொந்தப் புத்தகத்தில் முத்திரை இல்லை, அதனால் நாளைக்கு என்று சொல்லலாம். நாளைக்கு என்று 2011 முதல் சொல்லியிருக்கிறேன். 'என் சரித்திர'த்தின் கடைசித் தாளில் பென்சிலால் "திருப்பித் தர வேண்டிய நாள்: பிப்ரவரி 10" என்று எழுதி வைத்தேன். யாரிடம் திருப்பித் தருவது என்று தெரியவில்லை. எழுதியதில் கொஞ்சம் பயம் வந்திருப்பது உண்மை.

ஜனவரி 29

திருத்தம். 27 என்று எழுதினேன். சரிந்ததை அடுக்கி எண்ணினால் 26தான் இருக்கிறது. எம்.வி. வெங்கட்ராமின் 'காதுகள்' காணவில்லை. சாகித்ய அகாடமி விருது 1993இல் வாங்கிய நாவல், எங்கள் ஊர்க்காரர் எழுதியது, காதுக்குள் ஓயாமல் குரல்கள் கேட்கிற ஒரு மனிதனின் கதை. காதுகளைக் காணோம் என்று வீட்டில் கேட்டபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கிடங்கில் ஒரு மூட்டை குறைந்தால் விளக்கம் எழுத வேண்டும். ஈரம் காய்ந்து எடை குறைந்தது என்று எழுதலாம். எலி என்று எழுதலாம். ஒரு முழுப் புத்தகத்துக்கு எந்த விளக்கமும் ஒத்துவரவில்லை. இருப்புக் குறைவு 1 என்று மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

ஜனவரி 31

எஸ்.ஆர். ரங்கநாதனை யாரும் இதுவரை இழுக்கவில்லையே என்று பார்த்தேன், நேற்று இழுத்துவிட்டார்கள். சீர்காழிக்காரர், எங்கள் பக்கத்து மனிதர், நூலகத்துக்கு 1931இல் ஐந்து விதிகள் எழுதியவர். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பவை அந்த ஐந்தில் இரண்டு. பெரிய மனிதர், மறுப்பில்லை. அவர் யோசித்தது நூலகத்தை. அங்கே ஒரு நூலுக்கு வாசகர் இன்று வராவிட்டால் அடுத்த வருடம் இன்னொருவர் வருவார். என் தையல் மெஷின் மேல் 26 நூல்களுக்கும் சேர்த்து நான் ஒருவன்தான் வாசகன். நான் படிக்காவிட்டால் அவற்றுக்கு வேறு ஆள் கிடையாது.

இப்படி எழுதிவிட்டு யோசித்தால், ஆள் இல்லை என்பது பொய். எதிர் வீட்டுப் பையன் கல்லூரியில் தமிழ் படிக்கிறான். அவனுக்குக் கொடுக்க மனம் வரவில்லை என்று எழுதுவதுதான் நேர்மை.

பிப்ரவரி 3

'என் சரித்திரம்' நகர்கிறது, மெதுவாக. இரவுக்கு ஓர் அத்தியாயம். 122 அத்தியாயம் இருக்கிறது, ஆகவே பிப்ரவரி 10 என்ற முத்திரையெல்லாம் வெறும் பேச்சு.

இரண்டு அத்தியாயம் சேர்த்துப் படித்தால் ஒன்று கலங்கிவிடுகிறது. காரணம் இருக்கிறது. இது 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தது. 1942இல் அவர் மறைந்தபோது முடிவுறாமல் நின்றது. வாரத்துக்கு ஒன்று என்று எழுதியதை வாரத்துக்கு ஒன்று என்று வாசித்தார்கள். நடுவில் ஏழு நாள் அதைப் பற்றித் திண்ணையில் பேசியிருப்பார்கள். நாம் கெட்டி அட்டைக்குள் மொத்தமாகக் கட்டி வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்கிறோம். அதனால் என் விதியில் ஒரு துணை விதி சேர்க்கிறேன்: தொடராக வந்ததைத் தனியாக ஓரமாக வைத்து, இரவுக்கு ஒரு துண்டு, பக்கத்தில் இன்னொரு புத்தகம் ஓடலாம்.

கல்கி மட்டும் இதற்கு விலக்கு. 'பொன்னியின் செல்வ'னும் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்ததுதான். அதை ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் என்று யார் படித்திருக்கிறார்கள், கை தூக்குங்கள். எங்கள் வீட்டில் தாத்தா பத்திரிகையிலிருந்து பக்கங்களைக் கிழித்து எடுத்து பைண்டு செய்து வைத்திருந்தார். இரண்டாம் பாகத்தில் மூன்று வாரம் இல்லை. அந்த மூன்று வாரத்தில் என்ன நடந்தது என்று தெரியாமலேயே பள்ளிப் படிப்பை முடித்தேன். நானாக ஒரு கதை கட்டி நண்பர்களுக்குச் சொல்லியும் விட்டேன். பிறகு அச்சில் படித்தபோது என் கதை மேல் என்று தோன்றியது. வயது 17.

பிப்ரவரி 4

அக்கா தொலைபேசியில். தாத்தாவின் பைண்டில் எந்த வாரமும் விட்டுப்போகவில்லையாம். நடுப் பக்கங்களை உருவிக் காவிரியில் கப்பல் விட்டது நான்தானாம். ஆடிப்பெருக்கு அன்று. அடி வாங்கியதும் அவளுக்கு நினைவிருக்கிறது. திருத்திக்கொள்கிறேன்.

பிப்ரவரி 11

நேற்று முத்திரைத் தேதி கடந்துவிட்டது, ஒருவரும் அபராதம் கேட்கவில்லை.

பக்கத்தில் ஓட இன்னொரு புத்தகம் என்றேன் அல்லவா? அங்கேதான் முதல் விதி உதைத்தது. 'என் சரித்திர'த்துக்கு அடுத்துப் பழையது 2013இல் வாங்கிய ஒரு தன்னம்பிக்கை நூல். பெயர் வேண்டாம். அந்த வருடம் எனக்கு ஒரு பதவி உயர்வு தள்ளிப்போனது. அந்தக் கோபத்தில் பஸ் நிலையத்துக் கடையில் வாங்கினேன். அந்தக் கோபம் இப்போது இல்லை, அந்தப் பதவியும் இல்லை. வாங்கிய வரிசையில் படிப்பது என்றால் 2013இல் இருந்த அந்த ஆளுக்காக நான் இன்று உட்கார்ந்து 200 பக்கம் படிக்க வேண்டும். அவன் யார் எனக்கு? இந்தக் குவியலில் பாதியை வாங்கியது வேறு வேறு ஆட்கள். புத்தகக் காட்சியில் கையில் பணத்தோடு நடக்கிறவன் பெரிய அறிஞன்; தத்துவம் வாங்குகிறான், கல்வெட்டு வாங்குகிறான். இரவு ஒன்பது மணிக்குக் கூடத்தில் கால் நீட்டிப் படிக்க வேண்டியவன் நான்.

ஆகையால் இரண்டாம் விதி. குத்தூசி தெரியும்தானே? நுனி கூர்ந்து, நடுவே வாய்க்கால் போலக் குழிந்த இரும்பு. மூட்டையின் வாயைப் பிரிக்காமல் வயிற்றில் குத்தி எடுத்தால் ஒரு பிடி தானியம் வந்து விழும். வாயில் எப்போதும் நல்ல சரக்குதான் இருக்கும், அதை வைத்தவர்களுக்குத் தெரியும். புத்தகத்தின் வாயும் அப்படியே. முன்னுரையில் ஒரு பெரியவர் புகழ்ந்திருப்பார், முதல் பத்தியை எழுதியவர் எட்டு முறை திருத்தியிருப்பார், பின்னட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நடுவில் திறந்து மூன்று பக்கம் படித்தால் பதர் எவ்வளவு, மணி எவ்வளவு என்று உள்ளங்கையில் தெரியும்.

இன்று மாலை 24 புத்தகத்திலும் குத்தினேன். நல்ல வேலை. காபி இரண்டு முறை ஆறிப்போனது. கரிச்சான் குஞ்சுவின் 'பசித்த மானிடம்' தேறியது, உடனே தேறியது. தொழுநோய் பிடித்தவனின் கதை என்று தெரிந்ததால் இதுவரை கை வைக்கப் பயந்திருந்தேன். குத்தின இடத்தில் பயப்பட ஒன்றும் இல்லை, அத்தனை நிதானம். தன்னம்பிக்கை நூலில் வந்தது முழுவதும் உமி. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' தேறவில்லை. நான் திறந்த பக்கத்தில் நாலு பேர் குடித்துக்கொண்டு தமிழனின் பழம்பெருமையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். மூன்று பக்கமும் பேச்சு, நடுநடுவே மலாய்ச் சொற்கள். ஒதுக்கி அலமாரி மேல் தட்டில் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 12

24 எப்படி என்று கேட்கிறார்கள். 26இல் 'என் சரித்திரம்' கையில் இருக்கிறது. இன்னொன்று தி. ஜானகிராமனின் 'மோகமுள்', அதில் குத்தத் தேவையில்லை, ஆறு முறை படித்தது. படித்த புத்தகம் படிக்காத குவியலில் என்ன செய்கிறது என்று கேட்காதீர்கள். புதிது எதுவும் பிடிபடாத இரவில் கை அங்கே போகிறது. நாலு பக்கம் பாபுவோடும் ரங்கண்ணாவோடும் இருந்துவிட்டுப் படுத்துக்கொள்கிறேன். குவியலின் பெரிய எதிரி அதுதான் என்று நினைக்கிறேன். 1960களில் இருந்த என் தெருக்கள் அதற்குள் இருக்கின்றன. மற்ற 25 நூல்களும் சேர்ந்து இழுத்தாலும் வெல்ல முடியாது. (இல்லை, 1960களில் எழுதியது அல்ல, 1950கள். என் குழந்தைப் பருவத்தை அதில் ஏற்றிப் படிக்கிறேன். ஆறு முறையும் இப்படித்தான் படித்திருக்கிறேன் போலிருக்கிறது.)

பிப்ரவரி 14

சிங்காரத்தை ஒதுக்கியதற்கு வந்த வசவுகளைப் படித்தேன். ஒருவர் குத்தூசியை எங்கே குத்தலாம் என்றும் ஆலோசனை சொல்லியிருந்தார். நன்றி.

பிப்ரவரி 22

சொல்லித்தான் ஆக வேண்டும். அலமாரி மேல் தட்டிலிருந்து இறக்கினேன். வசவுக்குப் பயந்து இல்லை. மின்சாரம் நின்ற ஓர் இரவு, டார்ச்சோடு கையை நீட்டியபோது அது வந்தது. (ஆம், கைக்கு வந்ததை எடுத்தேன். முதல் நாள் நான் எழுதியதை யாரும் நினைவுபடுத்த வேண்டாம்.) முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். ஜப்பானியப் படை இந்தோனேசியாவின் மெடான் நகருக்குள் வருகிறது. அங்கே தொடங்கியவன் விடியற்காலை மூன்று மணிக்குப் டார்ச் மங்கிய பிறகுதான் நிறுத்தினேன்.

நான் முன்பு குத்தியெடுத்த அந்தக் குடிப்பேச்சு ஐந்தாம் நாள் வந்தது. இந்த முறை வயிறு வலிக்கச் சிரித்தேன். பெருமை பேசுகிறார்கள் என்று நினைத்தேனே, பெருமையை உரித்துத் தொங்கவிடுகிறார்கள். போரில் எல்லாம் கவிழ்ந்து கிடக்கும் ஊரில், வீடு திரும்ப வழியில்லாத ஆட்கள் பேசுகிற பேச்சு என்று தெரிந்து கேட்டால் வேறு மாதிரி கேட்கிறது. மதுரைத் தெருக்களை ஒருவன் கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கடை கடையாக நினைத்துப் பார்க்கிற இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றேன்.

இந்த மனிதர் எழுதியது மொத்தம் இரண்டே நாவல். இது 1972இல் வந்தது. என்னைப் போல ஒரு குத்தூசிக்காரன் தள்ளிவைத்த மேல் தட்டுகள் ஊரில் எத்தனை இருந்திருக்கும்.

ஆகவே குத்தூசி விதி ரத்து. நெல் மூட்டையின் வயிற்றில் எந்தப் பிடி எடுத்தாலும் அதே நெல்தான். நாவலில் நூறாம் பக்கத்துப் பிடி முதல் 99 பக்கத்தில் ஊறி வந்தது. இது தெரியாமல் 24 புத்தகத்துக்குத் தரச்சான்று எழுதியிருக்கிறேன். தன்னம்பிக்கை நூலுக்கு எழுதிய சான்று மட்டும் நிற்கும்.

பிப்ரவரி 28

'என் சரித்திர'த்தில் பொறுக்காமல் முன்னால் புரட்டிப் போய் அந்த இடத்தைப் படித்துவிட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

1880. உ.வே.சா. கும்பகோணம் கல்லூரிக்கு ஆசிரியராக வந்த புதிது. வயது 25. சேலம் இராமசாமி முதலியார் முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, ஊருக்கு வந்திருக்கிறார், பார்க்கப் போகிறார். முதலியார் கேட்கிறார், என்ன படித்திருக்கிறீர்கள் என்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் அல்லவா, இவருக்கு உற்சாகம். அந்தாதி இத்தனை, பிள்ளைத்தமிழ் இத்தனை, கோவை இத்தனை, புராணங்கள் என்று பட்டியலை அவிழ்க்கிறார். எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கம்பராமாயணத்தையும் சொல்லிப் பார்க்கிறார். அவ்வளவுதானா என்பதுபோல் ஒரு கேள்வி. இதெல்லாம் படித்து என்ன பயன் என்று இன்னொரு கேள்வி. பிறகு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம், மணிமேகலை உண்டா என்று கேட்கிறார். இவர் படித்ததில்லை. புத்தகமாகப் பார்த்ததே இல்லை.

நான் இதை இரண்டு முறை படித்தேன். அவமானம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதற்காக. கோபத்தை ஒளிக்கவில்லை, அடுத்த பக்கத்திலேயே ஆசை வந்துவிட்டதையும் ஒளிக்கவில்லை. முதலியாரிடமிருந்து சிந்தாமணிப் பிரதி வாங்கி, புரியாமல் திண்டாடி, கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டுக் கேட்டுத் தெளிந்து, 1887இல் அச்சிட்டார். பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். அவருக்கு அடுத்த புத்தகம் அவருடைய குவியலில் இல்லை. வரிசை போட்டோ, நடுவில் குத்தியோ, மெலிந்தது தடித்தது பார்த்தோ அந்தக் குவியலிலிருந்து சிந்தாமணியை எடுத்திருக்கவே முடியாது. மரியாதை தெரியாத ஒரு முன்சீப் தேவைப்பட்டார். 26ஐ வைத்துக்கொண்டு நான் ஒன்றரை மாதமாக விதி எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த 26இல் எதுவுமே எனக்கான அடுத்தது இல்லை என்றால் என்ன செய்வது என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் 1

நேற்று எழுதியது கொஞ்சம் ஏறிவிட்டது. நான் உ.வே.சா. அல்ல. முன்சீப் வந்து கேட்டாலும், "நெல் எந்த ரகம்?" என்றுதான் கேட்பார்.

ஆனால் கிளை நூலகத்துக்குப் போய் சிந்தாமணி உரையோடு ஒன்று எடுத்து வந்துவிட்டேன். தேதி முத்திரை உண்டு. இருப்பு 27 என்று மறுபடி ஆகிவிட்டது என்றாள் மனைவி. அவள் எண்ணுகிறாள் என்று எனக்கு இதுவரை தெரியாது.

மார்ச் 6

விவகாரம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. நாலைந்து நாளாகச் சிந்தாமணி உரையின் சின்ன எழுத்து மட்டும் அல்ல, பெரிய எழுத்தும் புகைமூட்டத்துக்குள் தெரிகிறது. வலது கண்ணில் புரை முற்றியிருக்கிறது என்கிறார் மருத்துவர். மார்ச் 14 அறுவை. அதற்குப் பிறகு சில வாரம் கண்ணுக்கு வேலை கொடுக்காதீர்கள் என்றார். இடது கண்ணும் பெரிதாக உதவாது. அதாவது எட்டு நாள் இருக்கிறது.

எட்டு நாளில் எதைப் படிப்பது? இந்தக் கேள்வி வந்தவுடன் எல்லா விதியும் ஓடிவிட்டது. எழுத்தின் பருமன் ஒன்றுதான் மிச்சம். குவியலில் முக்கால்வாசி அந்த ஒரு கேள்வியில் விழுந்தன. மகள் பிறந்தநாளுக்குக் கொடுத்த ஒரே பாகப் 'பொன்னியின் செல்வன்' முதலில் விழுந்தது. கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமை ஆனதிலிருந்து யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், ஐந்து பாகத்தையும் ஒரே செங்கல்லாக்க எழுத்தை எறும்பாக்கிவிடுகிறார்கள். பாவம், என் கப்பல் போன மூன்று வாரமும் அதற்குள் எங்கேயோ எறும்பாக இருக்கிறது.

மார்ச் 9

எட்டு நாள் திட்டம் எங்கே வரை என்று கேட்கிறீர்கள். 'மோகமுள்' படித்துக்கொண்டிருக்கிறேன். ஏழாவது முறை. ஒன்றும் சொல்லாதீர்கள்.

மார்ச் 13

நாளைக்கு மருத்துவமனை. இன்று மாலை மனைவி தையல் மெஷின் முன்னால் வந்து நின்று, "கண் கட்டியிருக்கும் நாட்களில் நான் படித்துக் காட்டுகிறேன், எது வேண்டும் சொல்லுங்கள்" என்றாள். திருமணமாகி 34 வருடத்தில் நாள்காட்டிப் பின்பக்கம் தவிர அவள் எதையும் படித்து நான் பார்த்ததில்லை.

காதால் கேட்க எது சரிப்படும் என்பது புதுக் கேள்வி. சிந்தாமணியை அவளிடம் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. 'பசித்த மானிடம்' இரவில் உரக்கப் படிக்கக் கூடியது இல்லை. அசோகமித்திரன் ஒன்று இருக்கிறது. அவர் எழுதியதை உரக்கப் படித்தால் அவருக்கே சங்கடமாக இருக்கும் என்று ஒரு எண்ணம் எனக்கு. புரட்டிப் புரட்டி கி. ராஜநாராயணனின் 'கோபல்லகிராமம்' என்றேன். 1976இல் வந்தது, எழுதினது போலவே இல்லை, உட்கார்ந்து சொன்னது போல இருக்கும் என்று படித்தவர்கள் சொல்வார்கள். இன்னொரு காரணம், அவள் கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். கி. ராஜநாராயணனின் ஊரான இடைசெவலை பஸ்ஸில் கடந்துதான் அவள் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். கரிசல்காட்டுச் சொற்களுக்கு அவர் அகராதியே போட்டிருக்கிறார். எனக்கு அகராதி வேண்டும், அவளுக்கு வேண்டாம்.

மார்ச் 18

இடது கண்ணால், பெரிய எழுத்தில் தட்டுகிறேன். பிழைகள் இருந்தால் அறுவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கண் நன்றாக இருக்கிறது. வாசிப்பு இப்படி நடக்கிறது: மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி, இரவு சொட்டு மருந்துக்கு முன் அரை மணி. முதல் நாள் செய்தி வாசிப்பது போலப் படித்தாள். இரண்டாம் நாள் ஒரு சொல்லில் நின்று, "இதை எங்கள் ஆச்சி இப்படிச் சொல்ல மாட்டாள்" என்று வேறு மாதிரி சொல்லிக் காட்டினாள். மூன்றாம் நாளிலிருந்து புத்தகத்தில் உள்ளது எவ்வளவு, அவள் ஆச்சி சொன்னது எவ்வளவு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. தெலுங்குச் சீமையிலிருந்து தெற்கே புறப்பட்டு வந்த கதையை மங்கத்தாயாரு அம்மாள் சொல்கிற இடத்தில் இவள் குரலும் மாறிவிட்டது.

குறுக்கே பேசினால் கோபம் வருகிறது. எனக்கு இல்லை, அவளுக்கு.

மார்ச் 19

'காதுகள்' கிடைத்துவிட்டது. எதிர் வீட்டுப் பையன் கொண்டுவந்து கொடுத்தான். ஜனவரியிலேயே மனைவி எடுத்துக் கொடுத்திருக்கிறாள், "எப்படியும் அவர் படிக்கப் போவதில்லை" என்று. இருப்பு சரியாகிவிட்டது. பையன் பென்சிலால் நாலைந்து இடத்தில் கோடு போட்டிருக்கிறானாம். முதலில் எரிச்சல் வந்தது. இப்போது எந்த இடத்தில் போட்டிருக்கிறான் என்று பார்க்க வேண்டும் போல இருக்கிறது. ஆகவே கண் திறந்ததும் அதுதான் அடுத்தது. கோடு போட்ட பக்கங்களை மட்டும் முதலில்.

அடுத்தது 'மோகமுள்' இல்லையா என்று கேட்கப் போகிறவர்களுக்கு: வாயை மூடிக்கொள்ளுங்கள்.

மார்ச் 23

ஒரு புகார்.

கோபல்லகிராமத்தில் கம்மலுக்காக ஒரு கர்ப்பிணியைத் தண்ணீரில் அமுக்குகிறான் ஒருவன். அவள் அவன் கால் கட்டைவிரலைப் பல்லால் கவ்விக்கொள்கிறாள், விடவில்லை. அதைப் படித்துக் காட்டும்போது இருவருக்கும் பேச்சு வரவில்லை. அவனை என்ன செய்தார்கள் என்ற கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு நேற்று இரவு வரை காத்திருந்தேன். அவள் படிக்கத் தொடங்கியபோது கதை எங்கேயோ போய்விட்டிருந்தது. அவன் பேச்சே இல்லை.

"அந்தத் திருடன் என்ன ஆனான்?" என்றேன்.

"அது ஆகிவிட்டது," என்றாள்.

நான் மதியம் தூங்கிய நேரத்தில் தனியாக உட்கார்ந்து அறுபது பக்கம் தாண்டியிருக்கிறாள். திரும்பப் போய் எனக்காகப் படிக்கச் சொன்னால், "ஒரு முறை படித்ததை மறுபடி எப்படிப் படிப்பது? உங்களுக்குக் கண் சரியானதும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறாள். கண்ணாடி போட இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. படித்தவர்கள் யாராவது இருந்தால் அவனை என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள். பெரிய எழுத்தில்.